எங்கட பிளேன் சனம்

மே 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். கடல் பக்கத்தில் இருந்தும் காற்று இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் மாமி வீட்டு பிளாட். மூன்று மின்விசிறி, ஒன்று சுற்றாது. எனக்குப் பாய் அதன் கீழேதான்.

இன்றைய வேலை: கலியாணக் கூறைச் சேலைக்குத் தைக்கக் கொடுத்த சட்டை வாங்க. வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்களுக்கான பொலிஸ் பதிவு (அப்பா போனார், முடிந்தது). அம்மாவுக்குப் போன். முகத்துக்கு ஏதோ பூசச் சொல்லி மாமி தந்தது, பூசவில்லை.

கலியாணம் ஞாயிறு 20. அம்மாவும் சின்னம்மாவும் வியாழக்கிழமை பிளேனில் வர வேண்டும். நானும் அப்பாவும் போன கிழமை வந்த அதே மலிவு பிளேன். யாழ்ப்பாணம் பலாலியில் ஏறினால் முழங்கை பக்கத்து ஆளின் விலாவில் இடிக்கும். ஒரு டொபி தருவார்கள். சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிய பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒன்றுதான் கட்டுப்படியான வழி.

மூன்று மணிக்கு மாமா கடையிலிருந்து வந்தார். செருப்புக்கூடக் கழற்றவில்லை.

“மச்சான், உங்கட பிளேன்காரன் பூட்டிட்டானாம்.”

“என்னத்தை?”

“கம்பனியை.”

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பிறகு திரும்ப விரித்து வாசித்தார். நான் சட்டை வாங்கப் போனேன். கை இறுக்கம். தளர்த்தித் தரச் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 9, புதன்

காலி வீதியில் கம்பனிக் கந்தோர். இரும்புக் கதவு இழுத்து விட்டிருந்தது. வாசலில் நாற்பது பேர் இருக்கும். காவலாளி எல்லாருக்கும் சிங்களத்தில் ஒரே வசனம்: “ஒபீஸ் எக்க வஹலா, மஹத்தயா.” கந்தோர் பூட்டியாயிற்றாம். எங்களுக்குக் கண் தெரியாதா?

காதில் விழுந்தவை:

“ஒரே ஒரு பிளேன்தானே வைச்சிருந்தவங்கள். குத்தகைக்குக் குடுத்தவன் வந்து கொண்டு போட்டானாம்.”

“சம்பளம் இல்லையெண்டு பைலட் போய் ரெண்டு கிழமையாம்.”

“மலிவெண்டு ஏறினம், இப்ப இஞ்ச நிக்கிறம்.”

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், கண் ஒப்பரேசனுக்கு வந்தவர். ஒரு கண்ணில் கட்டு. கதவில் ஒட்டியிருந்த ஆங்கிலக் காகிதத்தை என்னை வாசிக்கச் சொன்னார். மறு அறிவித்தல் வரை சேவை இல்லை என்றேன். “மறு அறிவித்தலை ஆர் பிள்ளை அறிவிக்கிறது?” என்று கேட்டார்.

பருத்தித்துறைப் பெண் ஒருத்தி, என் வயது இருக்கும். ஆஸ்பத்திரி அலுவலாக மூன்று நாளைக்கு வந்தவள். பிள்ளைகள் இரண்டும் பக்கத்து வீட்டில். கொட்டாஞ்சேனை லொட்ஜில் நிற்கிறாள். “உடுப்பு ரெண்டுதான் கொண்டு வந்தனான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தலையாட்டினேன்.

அப்பாவின் திரும்பும் டிக்கெட்டும் இதே கம்பனிதான். அதை அவர் இப்போதுதான் நினைத்தார்.

இரவு அம்மாவுக்குப் போன்.

“பிளேன் நிண்டிட்டுது அம்மா.”

“கேள்விப்பட்டனான். நீ சாப்பிட்டனியே?”

பயற்றம் பணியாரம் சுட்டு டின்னில் போட்டாயிற்றாம். வேறு ஒன்றும் கதைக்கவில்லை. தம்பியைப் பற்றி ஏதும் தெரிந்ததா என்று நான் கேட்பதில்லை. தெரிந்தால் அம்மாவே சொல்வார். போன கார்த்திகையில் சைக்கிளில் கடைக்குப் போனவன். சைக்கிள் சந்தியில் கிடந்தது.

மே 10, வியாழன்

அவர்கள் வந்திறங்கியிருக்க வேண்டிய நாள். ஊரை விட்டு வர அம்மாவுக்கு ஆமி தந்த அனுமதி, கிளியரன்ஸ், அதுவும் இன்றோடு சரி. எடுப்பதற்கு ஒரு மாதம் அலைந்தது.

மற்றக் கம்பனியில் யூலை வரை இடமில்லை. கப்பல் என்றால் திருகோணமலை. அதற்கும் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்பா ஊருக்குத் திரும்பத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். பின்னேரம் திரும்பவும் பூட்டிய கந்தோருக்குப் போனார்.

“அங்க என்னத்துக்கு அப்பா?”

“அங்க நிண்டா ஏதாவது கேள்விப்படலாம்.”

மாமி கத்தரிக்காய் பால்கறி. உப்புக் கூடிவிட்டது. தூங்கினேன், பகலில்.

மே 12, சனி

மாப்பிள்ளையும் தமக்கையும் வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் குமரன். நோர்வே, மீன் தொழிற்சாலை. முன்தலையில் மயிர் குறைவு, படத்தில் அது தெரியவில்லை. லீவு 27 வரைக்கும்தான்.

அப்பா தள்ளி வைப்போம் என்றார். “தாய் இல்லாமல் எப்பிடித் தாலி கட்டுறது?”

தமக்கை தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “உங்கட பிளேன் நிண்டதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? மண்டபம் எடுத்தாச்சு. கனடாவிலயிருந்து சனம் வந்து நிக்குது. இவனுக்குத் திருப்பி லீவு ரெண்டு வருசத்துக்குக் கிடையாது.”

“ரெண்டு வருசம் பாப்பம்.”

“ரெண்டு வருசத்தில ஆர் இருப்பினமோ, ஆர் இல்லையோ.”

குமரன் எழும்பும்போது அப்பாவிடம், “மாமா, நான் அவவோட ஒருக்காக் கதைக்கலாமோ?” என்றார்.

என் விருப்பத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

மே 13, ஞாயிறு

மழை தூறி விட்டது. வெள்ளவத்தைக் கடற்கரை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நானும் அவரும். இந்தப் பக்கம் கல்லில் அப்பா, குடையோடு.

“உங்களுக்கு விருப்பமில்லையெண்டா சொல்லுங்கோ. நான் கோவிக்க மாட்டன். அக்கா கோவிப்பா, அதை நான் பாக்கிறன்.”

“அம்மா வந்தாலும் நான் இப்பிடித்தான் இருப்பன்” என்றேன். “தம்பி போனதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் ஏறுதில்லை. சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. உங்களைப் பிடிக்கேல்லை எண்டு நினைக்கக் கூடாது.”

ரயில் வந்தது. வாசலில் தொங்கிக்கொண்டு சனம். அது போகும் வரை நின்றார்.

“எங்கட தொழிற்சாலையில குளிரறை இருக்கு. கன நேரம் நிண்டா விரல் நோகாது. வெளியில வந்தாப் பிறகுதான் நோகத் துவங்கும்.” பிறகு, தான் சொன்னது பிடிக்காததுபோல், “சும்மா சொன்னனான்” என்றார்.

கச்சான் கடலை வாங்கினார். மூவருக்கும். அப்பாவிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்: “20ஆம் திகதியே வைப்பம்.” அப்பா சரியென்றார். மாமி அழுதார். நான் சட்டை போட்டுப் பார்த்தேன். இப்போது கை சரி, தோள் தொங்குகிறது.

மே 15, செவ்வாய்

ஐயர் சொன்னது: தாரை வார்க்கத் தம்பதியாக வேண்டும், தாய் இல்லையென்றால் தகப்பன் தனியே செய்வது அவ்வளவு நல்லதில்லை. மாமாவும் மாமியும் செய்யட்டும். அப்பா, “ஓம், ஓம், அதுதான் முறை” என்றார். பிறகு பல்கனியில் போய் நின்றார்.

பின்னேரம் சின்னம்மாவிடமிருந்து போன்! மற்றக் கம்பனியில் யாரோ இரண்டு பேர் பயணத்தை விட்டுவிட்டார்களாம். பக்கத்து வீட்டு வாத்தியார் மூலமாக இரண்டு இடமும் கிடைத்திருக்கிறது. வியாழன். வாத்தியார்தான் கிளியரன்ஸையும் திருத்தித் தருகிறார். போன் எடுத்தது நான். அப்பா வீட்டில் இல்லை.

“அம்மாவுக்கும் சீட்டோ சின்னம்மா?”

“ஓம் பிள்ளை, ரெண்டு பேருக்கும்.”

அவர்கள் வந்த பிறகு தெரியட்டும் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன் என்று தெரியாது.

மே 17, வியாழன்

இரத்மலானை விமான நிலையம். மாமாவோடு போனேன். அப்பாவுக்குச் சின்னம்மா வருகிறார் என்று மட்டும் சொல்லியிருந்தோம். பிளேனடியிலிருந்து ஏற்றி வந்த பஸ்ஸிலிருந்து சனம் இறங்கியது. சின்னம்மா. இரண்டு பை, பணியார டின். பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கர்ப்பிணிப் பெண். அதற்குப் பின்னால் அம்மா இல்லை.

மாமா வான் பிடிக்கப் போன நேரம் சின்னம்மா சொன்னார். “அக்கா தன்ர சீட்டை இந்தப் பிள்ளைக்குக் குடுத்திட்டா. இவவுக்கு இஞ்ச பெரியாஸ்பத்திரிக்கு வர வேணுமாம்.”

“அதுக்காகவோ?”

சின்னம்மா என் கையைப் பிடித்தார். “அது சாட்டு, பிள்ளை. அக்காவுக்கு முதலே வாற எண்ணமில்லை. நான் நிண்டு கத்தினனான். ‘நான் இல்லாத நேரம் அவன் வந்தா வீடு பூட்டிக் கிடக்குமே’ எண்டு கேக்கிறா. என்ன சொல்லுவன்? பிளேன் நிண்டது அவவுக்கு நல்லதாப் போச்சு.”

நான் டின்னை வாங்கிக்கொண்டேன். பாரம்.

அப்பாவிடம் ஒரு சீட்தான் கிடைத்ததென்று சொல்லிவிட்டோம். “பாவம், அவள் எவ்வளவு ஆசையா இருந்திருப்பாள்” என்றார் அப்பா.

மே 18, வெள்ளி

அம்மாவுக்குப் போன். இரண்டு முறை அறுந்து மூன்றாம் முறை கிடைத்தது.

“சின்னம்மா சொன்னவா.”

“ம்.”

“குடுத்தது நல்லதுதான் அம்மா. வீட்டில ஆராவது இருக்கத்தானே வேணும்.”

“உனக்குக் கோவமே பிள்ளை?”

“இல்லை.”

உண்மை. கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. அம்மா அழுதார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். முடிந்ததும், “கூறை உடுக்கேக்க ஊசி நாலைஞ்சு கூடக் குத்தச் சொல்லு. உனக்கு இடுப்பில நிக்காது” என்றார்.

மே 19, சனி

புதுக் கதை. அப்பா கந்தோர் வாசலில் நிற்கிறவர்கள் எல்லாரையும் கலியாணத்துக்குச் சொல்லிவிட்டார்! மாப்பிள்ளை பகுதியில் மண்டபம் நிறைய ஆட்கள். எங்கள் பக்கம் வெறுங் கதிரையாகக் கிடக்கக் கூடாதாம்.

மாமிக்கு வந்த கோபம். “ஆர் எவர் எண்டு தெரியாத சனத்தை!”

“தெரியாமலென்ன? எங்கட பிளேன் சனம்” என்றார் அப்பா.

மருதாணி நன்றாகச் சிவக்கவில்லை.

மே 20, ஞாயிறு, பின்னேரம்

முடிந்தது. மறக்க முன் எழுதுகிறேன்.

வந்தார்கள். தபாலதிபர் ஐயா கறுப்புக் கண்ணாடியோடு. பருத்தித்துறைப் பெண் லொட்ஜ்காரியிடம் இரவல் சேலை வாங்கி உடுத்திருந்தாள். பல்கலைக்கழகப் பெடியன்கள் மூன்று பேர், மகனைத் தேடி வந்து நிற்கிற ஒரு தாய், இன்னும் பலர். எங்கள் பக்கக் கதிரை எல்லாம் நிறைந்தது. வாழ்த்தி அறுகரிசி போட வரிசையில் வந்தார்கள். சொந்தக்காரர்களைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு. பெயர் தெரியாதவர்கள் என் தலையில் கை வைத்தார்கள்.

தாரை வார்த்தபோது அப்பா தூணோடு நின்றார். தாலி கட்டியபோது மேளச் சத்தத்தில் காது அடைத்தது.

சாப்பாடு. பாதிச் சாப்பாட்டில் தபாலதிபரின் போன் அடித்தது. இலையிலிருந்து எழும்பிவிட்டார்.

“கப்பல்! திருகோணமலைக்கு பஸ் மூண்டு மணிக்கு வெளிக்கிடுதாம். பேர் குடுத்த ஆக்கள் எல்லாரும் வரட்டாம்!”

பாயசம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. பந்தியில் பாதியில் எழும்பக் கூடாது என்பார்கள். பிளேன் சனம் எல்லாரும் எழும்பினார்கள். குழாயடியில் நெரிசல். பருத்தித்துறைப் பெண் மேடைக்கு ஓடி வந்து கழுவிய கையோடு என் முகத்தைப் பிடித்தாள். “குறை நினைக்காதையுங்கோ, தங்கச்சி. பிள்ளையள் தனிய.”

அப்பாவின் பெயரும் இருந்தது. அவர் மேடைக்குக் கீழே வந்து நின்றார். “நான் அடுத்த கப்பலில போறன். இண்டைக்கு எப்பிடிப் போறது?”

“அடுத்தது எப்பவெண்டு ஆருக்குத் தெரியும்? போங்கோ அப்பா. அம்மா தனிய.”

அப்பா குமரனைப் பார்த்தார். குமரன் எழும்பி, “நான் பாத்துக்கொள்ளுவன், மாமா” என்றார். காலில் விழப் போனோம். நேரமில்லை, விடுங்கோ என்று கையைக் காட்டினார். சின்னம்மா பலகாரத்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பட்டு வேட்டியோடேயே அப்பா, தபாலதிபர் ஐயாவைக் கையில் பிடித்துக்கொண்டு, திரீவீல் ஓட்டோவில் ஏறினார். என்னைத் திரும்பிப் பார்த்தாரா தெரியாது. மாலை மறைத்தது.

எங்கள் பக்கம் வெறுங் கதிரைகள். பாதி சாப்பிட்ட இலைகள்.

படம் எடுக்கிறவர் அது ஒன்றும் தெரியாமல், “பொம்பிளை பகுதி ஆக்கள் ஒருக்கா மேடைக்கு வாங்கோ” என்று கூப்பிட்டார். மாமாவும் மாமியும் வாசலில், அப்பாவை அனுப்பப் போனவர்கள். சின்னம்மா மட்டும் எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றார்.

படம் எடுக்கிறவர் கமராவுக்குள் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார்.

“இன்னும் கிட்ட நில்லுங்கோ. இடைவெளி தெரியுது.”