மச்சான், உன் முதுகு இல்லாத முதல் சுற்று

ஊவா மலைகளின் ஒரே சக்கரவர்த்தியும், என் தங்கச்சியைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக என்னையும் பதினைந்து வருடம் பின்சீட்டில் சுமந்த என் அருமை மச்சான் துரைராசுவுக்கு,

நீ போய் ஒன்பது மாதமாகிறது. நீ இருக்கும் இடத்தில் மலை இருக்கிறதா? எல்லாம் சமதரை என்றால் இந்நேரம் அங்கே ஒரு சண்டையைக் கிளப்பியிருப்பாய். காலைத் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்துச் சரிந்தவனுக்கு, அந்த மிச்சத் தேநீரைக் குடிக்கவாவது விட்டார்களா?

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பசறையில் என் தையல் கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் நான் சொல்லி வைத்த பொய் அப்படிப்பட்டது. டர்ட் பைக்கில் மலையேறுவதில் துரைராசு எனக்கு அடுத்தபடிதான் என்றேன். பாறைக்குப் பாறை தாவினேன் என்றேன். ஒருமுறை அருவியையே குறுக்கே கடந்தேன், சட்டை நனையவில்லை என்றேன். இடுப்பளவு எடுக்கும்போது ஆட்கள் அசைய முடியாதே, கேட்டுத்தானே ஆக வேண்டும்?

உண்மை என்னவென்றால், மச்சான், பதினைந்து வருடமும் உன் பின்னால் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தேன். வண்டி கிளம்பியதும் மூடுவேன், நின்றதும் திறப்பேன். உன் சட்டைகளை நான்தானே தைத்தேன்? முதுகுத் தையல் எங்கே ஓடுகிறதென்று எனக்கு மனப்பாடம். அந்தத் தையலில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிடுவேன். அந்தப் பாதையை ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

நீயோ வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவாய். "இந்தா வலது பக்கம் டர்பன்டைன் காடு, பூரா பைன் மரம். இந்தா தண்ணிக் கான் ஒன்னு வருது, பின்னால சாயி மச்சான்." ரேடியோவில் கிரிக்கெட் சொல்கிறவன்கூட இடையில் தண்ணீர் குடிக்க நிறுத்துவான், நீ நிறுத்த மாட்டாய். எனக்கென்ன கண்ணில்லையா, இவன் எதற்கு ஊர் காட்டுகிறான் என்று, கண்ணை மூடியபடியே எரிச்சல்பட்டிருக்கிறேன்.

நீ போன மூன்றாம் மாதம் என் தங்கச்சி லெட்சுமி உன் சிவப்பு வண்டியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். "இத பாத்தாலே நெஞ்சு அடைக்குதுண்ணே. ஓட்ட ஆள் இல்லாத வண்டி எதுக்கு? பண்டாரகிட்ட குடுத்துருங்க, பிரிச்சு எடுத்துக்கட்டும்."

ஹாலிஎலயில் கராஜ் வைத்திருக்கும் நம் சிங்களக் கூட்டாளி பண்டாரதான். தேயிலை பெக்டரியில் வேலை முடிந்து வந்து ஒவ்வொரு நட்டாக நீ கோத்த வண்டி. அதைப் பிரிப்பதா? என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "ஏன், நான் இல்லையா?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா? பின்னால உக்காந்து எறங்கினாலே உங்களுக்குக் கால் ஆடுமே. சரி, ஓட்டிக் காட்டுங்க. அவர் போற அந்த மலைச் சுத்த ஒரு தடவ முழுசா ஓட்டிட்டு, முழுசா வாங்க. வண்டி நிக்கட்டும். இல்லாட்டி அது போயிரும். இன்னொருத்தர பறிகொடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

அப்படித்தான் உன் வண்டியின் தலையெழுத்து இந்தக் கோழையின் கையில் வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் கூட்டாளிகள் பண்டாரவும் ஜெகன் மாஸ்டரும் என்னைப் பாழடைந்த விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப் போனார்கள். முதல் நாள் என் கால் தரையைத் தொடவில்லை. அந்தச் சீட்டின் உயரத்திலிருந்து பார்த்தால் கொழும்பு தெரியும், மச்சான்! பண்டார ஏதோ திருகி இரண்டு அங்குலம் இறக்கிக் கொடுத்தான். "அண்ணே, ஹேண்டில் இப்படி இறுக்க வேணாம். கோழி ஒண்ணு புடிச்ச மாதிரி புடிங்க. சாகவும் கூடாது, பறக்கவும் கூடாது." அன்று என் கையில் எத்தனை கோழி செத்தது என்று கணக்கில்லை.

ஜெகன் மாஸ்டரை உனக்குத் தெரியாதா. யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்குக் கணக்குப் படிப்பிக்க வந்து, இருபது வருடமாகத் திரும்பிப் போக மறந்தவர். "பள்ளத்தைப் பாக்காதையுங்கோ மாணிக்கம். கண் எங்க போகுதோ வண்டியும் அங்கதான் போகும்." நான் கானைப் பார்த்தேன், கானுக்குள் போனேன். பதினோரு முறை, ஒரே கானுக்குள். தண்ணீர் ஓட வெட்டிய அந்தக் கான் என்னைக் கண்டாலே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. பன்னிரண்டாவது முறை திடலின் மறுமுனையைப் பார்த்தேன். வண்டி அங்கே போய் நின்றது. மாஸ்டர் கைதட்டினார். எனக்கு வாந்தி வரும்போல இருந்தது. பெருமை என்றும் சொல்லலாம்.

ஆறு வாரம் கழித்து மூன்று பேரும் மூன்று வண்டியில் மலைச் சுற்றுக்குப் புறப்பட்டோம். மாஸ்டர் ஒதுங்கி நின்று கையைக் காட்டினார். "நீங்கள்தான் முன்னுக்குப் போக வேணும். துரைராசுவோட பதினைஞ்சு வருசம் போன ஆள். எங்களைவிட உங்களுக்குத்தானே வழி தெரியும்?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? வாய்க்குள் நாக்கு காய்ந்து கருவாடாகிப் போயிருந்தது. தலையை ஆட்டிவிட்டு முன்னால் போனேன்.

முன்னால் எதுவுமே இல்லை, மச்சான். உன் சட்டை இல்லை. தையல் இல்லை. அந்த இடத்தில் ஒரு முழப் பாதை, அதற்கப்புறம் ஆகாயம். கண்ணை மூட எத்தனை ஆசைப்பட்டேன் தெரியுமா? ஏற்றத்தில் என் இதயம் எஞ்சினைவிட அதிகமாகச் சத்தம் போட்டது. லயத்து வீட்டு நாய்கள் வண்டியை விட்டுவிட்டு என் நெஞ்சைப் பார்த்துத்தான் குரைத்தன.

எப்படியோ உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே முனிக்கல்லருகில் நீ எப்போதும் செய்வதுபோல் ஆளுக்கொரு பச்சைக் கிளை ஒடித்து வைத்தோம். பண்டார அவன் சாமிக்கு வைத்தான், நான் முனிக்கு வைத்தேன், மாஸ்டர் இரண்டு பேருக்கும் பொதுவாக வைத்தார். இறங்குமுகத்தில் உயிரோடு விடச் சொல்லி வழிப்போக்கர் கொடுக்கும் விண்ணப்பம் அது. நான் மட்டும் மூன்று கிளை வைத்தேன்.

கொஞ்சம் இறங்கியதும் தோட்டத்துப் பதினோராம் நம்பர் தேயிலை மலை ஆரம்பமானது. அந்த இடத்தில் பாதை நடுவே ஒரு கம்பு நட்டு, அதில் தேயிலைக் கொத்தைப் பழந்துணியால் கட்டியிருந்தார்கள்.

"இது என்னப்பா?" என்றார் மாஸ்டர். பண்டார பின்னால் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பதினாறு வயதில் தையல் பழகத் தோட்டத்தை விட்டுப் போனவன்தான், ஆனாலும் இது தெரிந்திருக்க வேண்டும். பயம் மூளையைக் கழுவிக் காயப்போட்டிருந்தது. எந்த இலையைக் கண்டாலும் கும்பிடும் நிலை. "இதுவும் முனிக்குத்தான் மாஸ்டர். எறங்குறதுக்குத் தனியா வைப்பாங்க" என்று பேராசிரியர்போல் விளக்கம் கொடுத்து, நானும் ஒரு கிளையைச் செருகி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கம்பைச் சுற்றி வண்டியை விட்டேன்.

முப்பது அடி போயிருப்பேன். எதிர்ச் சரிவில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா இரண்டு கையையும் வீசிக் கத்தினார். "யோவ்! எங்கய்யா போற? கொளவி! கொளவி இருக்குன்னுதான கட்டி வச்சிருக்கோம்! எஞ்சின நிப்பாட்டு!"

நிறுத்தினேன். தலையைத் தூக்கினேன். சவுக்கு மரத்தில், என் தலைக்கு நேர் மேலே, ஒரு அரிசி மூட்டை அளவுக்குக் கூடு. இதில் நான் ஒரு அங்குலம்கூட ஏற்றிச் சொல்லவில்லை. அது மூச்சு விட்டது. கொழுந்து பறிக்கிறவர்கள் குளவி கொட்டிச் செத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம் இரண்டு பேரும். எஞ்சின் சத்தத்தில் ஏற்கெனவே பத்திருபது வெளியே வந்து சுற்றத் தொடங்கியிருந்தன. ஒன்று என் ஹெல்மெட் கண்ணாடியில் உட்கார்ந்து, இடமிருந்து வலமாக, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன்போல் நடந்தது.

திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் மலைச்சுவர். மறுபக்கம் சரிவு முழுக்கக் கவ்வாத்து வெட்டின தேயிலை. இலையே இல்லாமல், சாய்வாக வெட்டிய குச்சிகள் ஆயிரமாயிரமாக ஆகாயத்தைப் பார்த்து நின்றன. விழுந்தால் என்னைச் சல்லடையாகத்தான் லெட்சுமியிடம் கொடுப்பார்கள். எஞ்சினைப் போட்டால் குளவி. நின்றாலும் குளவி. ஒரே வழி, சத்தமில்லாமல் கீழே உருளுவது. தெரியாத பாதையில்.

அழுதேன், மச்சான். ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிரேக்கை விட்டேன். வண்டி நகர்ந்தது. அப்போது உன் குரல் கேட்டது. பேய், ஆவி என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினைந்து வருடம் காதில் ஊற்றிய குரல் எங்கே போகும்? "சவுக்கு மரம்" என்றதும் அடுத்து நீ என்ன சொல்வாய்? "கான் ஒன்னு வருது, பின்னால சாயி." சாய்ந்தேன். கான் வந்தது. முன்சக்கரம் தடுக்காமல் தாண்டியது. அடுத்து? "வழுக்குப் பாறைடா. முன் பிரேக்க தொட்டா கத முடிஞ்சிது." முன் பிரேக்கிலிருந்து விரலை எடுத்தேன். பாறை பாசியோடு மினுங்கிக்கொண்டு வந்தது. கோழியைச் சாகவிடாமல் பிடித்தேன். "இப்ப எடது பக்கம் ஒட்டு, மண்ணு சரிஞ்சிருக்கு." ஒட்டினேன். "தண்ணிச் சத்தம் கேக்குதா? அவ்வளவுதான், வந்துட்டோம்."

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஓடைக்குள் வண்டியோடு போய் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. மேலேயிருந்து கீழே வரைக்கும் நான் கண்ணை மூடவே இல்லை.

எனக்குப் பின்னால் கம்பைத் தாண்டி வந்து மாட்டிய மற்ற இருவரும் என் தடத்திலேயே எஞ்சின் இல்லாமல் ஒவ்வொருவராக உருண்டு வந்தார்கள். பண்டாரவின் காதில் ஒரு கொட்டு. காது வடை அளவுக்கு வீங்கியது. மாஸ்டர் ஓடைத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுச் சொன்னார். "பாறையில நீங்கள் திரும்பின திருப்பு அப்பிடியே துரைராசு. பாதையை நல்லாத்தான் பாத்து வைச்சிருக்கிறியள்."

"பாக்கல மாஸ்டர். கண்ண மூடிக்கிட்டுத்தான் வருவேன். பதினைஞ்சு வருசமும்" என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பண்டார வீங்கின காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், சிரித்த சிரிப்பில் ஓடைக்குள்ளேயே விழுந்தான்.

லெட்சுமி வாசலில் நின்றாள். என் கை, கால், முதுகு எல்லாவற்றையும் துணி வாங்குகிறவள்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போய் வண்டியை மூடும் படங்கை எடுத்து வந்து, தூசி தட்டி, வண்டிக்குப் பக்கத்தில் மடித்து வைத்தாள். வண்டி நிற்கிறது, மச்சான்.

அடுத்த ஞாயிறு அவளாகவே கேட்டாள். "அந்த உச்சியில அப்படி என்னதான் இருக்கு? அவர் வாய் ஓயாம சொல்லுவாரு. நான் பயத்துல ஒருநாளும் போனதில்ல. பின்னால எடம் இருக்கா?"

ஏறுகிற பாதையில் உச்சி வரைக்கும் மட்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டு ஏற்றிக்கொண்டேன். குளவியைவிட அதிகமாகப் பயந்தேன் என்றால் நம்புவாயா? என் உயிர் எப்போதும் இரண்டாந்தரச் சரக்குதான். பின்னால் இருந்தது உன் பெண்டாட்டி, என் ஒரே தங்கச்சி. முதல் வளைவிலேயே என் முதுகில் ஏதோ வந்து முட்டியது. தோள்பட்டைகளுக்கு நடுவே, தையல் ஓடும் இடத்தில், உருண்டையாக, சூடாக.

நெற்றி.

ஒரு நெற்றி இப்படி முட்டுக் கொடுத்தால் முன்னால் இருப்பவனுக்குத் தெரியாமல் போகுமா? கண் மூடியிருக்கிறதென்று ஒரு வளைவுக்குள்ளேயே எனக்கு விளங்கிவிட்டதே, உனக்குப் பதினைந்து வருடம் விளங்காமலா இருந்திருக்கும்? அதனால்தான் பேசிக்கொண்டே வந்தாயா? கடையில் என் அருவிக் கதையை ஆட்கள் உன்னிடம் விசாரித்தபோதெல்லாம், "ஆமா, மாணிக்கம் பெரிய ஆளு" என்று எப்படியடா சிரிக்காமல் சொன்னாய்?

வேகத்தைக் குறைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "லெட்சுமி, இந்தா வலது பக்கம் டர்பன்டைன் காடு வருது" என்றேன்.

"பாத்துக்கிட்டுதானண்ணே இருக்கேன்" என்றாள், நெற்றியை எடுக்காமலே.

மச்சான், பதினோராம் நம்பர் மலையை நினைத்தால் கண் இன்னும் தானாக மூடப் பார்க்கிறது. ஆனாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் பின்னால் யார் ஏறினாலும், அவர்கள் கண்ணைத் திறந்திருக்கிறார்களா என்று கேட்கமாட்டேன். கான் வருவதற்கு முன்னால் கான் என்று சொல்வேன். தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை வாயை மூடமாட்டேன்.

உன் மச்சான்,
உன் லெட்சுமியின் அண்ணன்,
பின்சீட்டிலிருந்து இறங்கி வந்த
மாணிக்கம்