சின்னம்மா துவைத்த பஞ்சு

என் அருமை அண்ணா, நான் எவ்வளவு கத்தினாலும் சிரித்தே மழுப்பியவனே,

உன் மீன்தொட்டியால் போன வாரம் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லுவேன்?

உன் முதல் வருஷத் தெவசம் முடிந்தது. அதற்காகக் கடம்பத்தூரிலிருந்து வந்த சின்னம்மா வீட்டையே தலைகீழாக்கிக் கழுவினார். தொட்டியையும் விடவில்லை. மிச்சமிருந்த உன் ஒரே தங்கமீன் துரையைத் தூக்கி வாளியில் போட்டார். ஃபில்டரில் இருந்த கறுத்த பஞ்சைப் பிளீச்சிங் பவுடரில் துவைத்து, வெள்ளை வெளேரென்று வெயிலில் காயப்போட்டுவிட்டார். "கர்மம், இன்னா அழுக்கு! என் நைனா இன்னைக்கு ஊட்டுக்கு வர்றான், சுத்தமா இருக்க வேணாமா?" என்றார், உன்னைத்தான். நானும் அண்ணியும் படையல் சமையலில் இருந்தோம். பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது; தண்ணீர் நிரப்பி, அந்த வெள்ளைப் பஞ்சையே திரும்ப மாட்டி, துரையைத் தொட்டியில் விட்டோம்.

அன்று சாயங்காலம் அண்ணி தானாகவே கடைவீதிக்குப் போய் நான்கு குட்டித் தங்கமீன்கள் வாங்கி வந்தார். நீ போன பிறகு அவர் ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள் அது. கடைக்காரர் கொடுத்த கவரை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும், நீ செய்வது போலவே மெதுவாகத் திறந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் நன்றாகத்தான் நீந்தின. அதற்கு அடுத்த நாள் காலையில் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒரு குட்டி செத்து மிதந்தது. அண்ணி சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, உன் சோதனை மருந்தைச் சொட்டு விட்டுப் பார்த்தார். மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் பச்சையாகிவிட்டது. அம்மோனியா! மீன் கழிக்கிற விஷம். அதைத் தின்கிற நுண்ணுயிர்கள் அந்தக் கறுத்த பஞ்சில்தானே குடியிருந்தன?

"இதுங்களும் போச்சுன்னா தொட்டிய யாருக்காச்சும் குடுத்துடு கவிதா. இந்த ஊட்ல இனிமே நான் எதையும் வளர்க்க மாட்டேன்" என்றார் அண்ணி. எனக்கு உன் மேல்தான் ஆத்திரம் பொங்கியது. இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போனாயே, படுபாவி!

தீனியை நிறுத்தினோம். நீலப் பீப்பாயில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கொண்டு பாதித் தொட்டியை மாற்றினோம். சோதனையில் பச்சை கொஞ்சம் வெளுத்தது. மத்தியானம் மறுபடி ஏறியது. துரையும் அடியில் சாய்ந்து படுத்துவிட்டான். அப்போதுதான் உன் கம்பெனிக் கூட்டாளி பாபு ஞாபகத்துக்கு வந்தார். அவர் புதுத்தொட்டி வைத்தபோது உன் பஞ்சில் பாதியை வெட்டிக் கொடுத்தாயே! போன் போட்டேன். "அத்த இன்னைக்கு வரைக்கும் கொழாத் தண்ணில காட்டல தங்கச்சி. தொட்டித் தண்ணிலயேதான் பிழியறேன். அண்ணன் அப்டித்தான சொல்லிச்சு? உடனே வா, காயாம எடுத்துக்கினு போ" என்றார்.

மீஞ்சூரில் அவர் வீட்டுக்கு ரயிலேறி ஓடினேன். தொட்டித் தண்ணீரோடு பஞ்சைக் கவரில் கட்டிக் கொடுத்தார். திரும்பும்போது பொன்னேரி தாண்டி ரயில் நின்றுவிட்டது. எக்ஸ்பிரஸுக்கு வழி விடுகிறதாம், நேரம் பார்த்து! அண்ணி போனை எடுக்கவில்லை. கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, "இன்னாம்மா அது, இப்டிக் கட்டிப் புடிச்சிக்கினு இருக்கே?" என்று கேட்டார். "எங்க அண்ணன் ஊட்டு அழுக்கு" என்றேன். அவர் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் கரண்ட் இல்லை. காற்று மோட்டார் நின்றுபோக, அண்ணி சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ, தெரியவில்லை. முந்தானையெல்லாம் நனைந்திருந்தது. "வந்துட்டியா, குடு குடு" என்று கவரைப் பிடுங்கினார்.

கரண்ட் வந்ததும் பஞ்சை ஃபில்டரில் வைத்தோம். அன்றிலிருந்து தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றி, சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம். இன்று காலை மஞ்சள் அண்ணா, சுத்தமான மஞ்சள்! மூன்று குட்டிகளும் துரையை விரட்டுகின்றன. அண்ணி நாளைக்கு இன்னொரு செடி வாங்கப் போகிறாராம். இன்னும் ஊருக்குப் போகாத சின்னம்மா தொட்டி அருகில் நின்று, "இத்தையா நான் தொவச்சுப் போட்டேன்?" என்று முணுமுணுத்தார். திட்ட வாய் வரவில்லை.

அடுத்த தெவசத்துக்கும் வந்துவிடு. வாசல்வரை கழுவி வைத்திருப்போம். உன் அழுக்கை மட்டும் தொடவே மாட்டோம், இது சத்தியம்.

உன் கூடப் பிறந்த வாயாடி,
கவிதா