ஒன்பது இடங்களில் வேறு

குருநகர்
6.12.2021

மதிப்புக்குரிய கிறிஸ்துநாயகம் மாமாவுக்கு,

நீங்கள் சுகமாகி எழும்பியது கேட்டு மகிழ்ச்சி. எங்கள் வீட்டிலும் இருமல் நின்றுவிட்டது. அம்மா பாடுவதும் நின்றுவிட்டது.

எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் பதினொரு பேருக்கும் கொரோனா வந்தது. பெரியவர்கள் எல்லோரும் இரண்டு ஊசியும் போட்டவர்கள், நான் ஒன்று. அம்மா ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் என்பதால் அவர்தான் கொண்டுவந்தார் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். நேற்றுச் சந்தையில் ஜெசிதா அக்கா, "கத்தரீனா வாறா, மூச்சை அடக்குங்கோ" என்று சிரித்தார். அம்மா மீன் வாங்காமலே திரும்பினார். நத்தார்ப் பெருநாளுக்கு முதற்குரல் வேறு ஆளுக்கு என்று குழுத் தலைவராகிய நீங்களே சொல்லி அனுப்பினீர்கள். எந்தச் சாட்சியில்?

ஆய்வுகூடம் ஒன்று எங்கள் மாதிரிகளை வைரசின் மரபணு வாசிப்புக்குக் கேட்டிருக்கிறது. எல்லோரையும் சம்மதிக்கச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
தாரிகா (இரண்டாம் வரிசை, இடது கரை)

9.12.2021

அன்பு மகள் தாரிகா,

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது பெரிய கதை. ஊசி போட்ட எங்களையே பிடித்ததென்றால் அது ஆஸ்பத்திரிக் கிருமிதான். இருந்தாலும் உன் ஆசைக்கு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கித் தருகிறேன். படிப்பைக் கவனி.

ஆசீருடன்,
கிறிஸ்துநாயகம்

22.1.2022

மாமா,

அம்மா பாடாத நத்தார் போய்விட்டது. முடிவுகள் வந்துவிட்டன, அவரவர் தாள் அவரவர் கையில். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எட்டுப் பேர் காட்டினார்கள். ஜெசிதா அக்காகூட, "இந்தா, பார் டொக்டரம்மா" என்று நீட்டினார்.

வகுப்பில் ஒருவரின் கணக்கைப் பார்த்து எழுதினால் அவரின் பிழையும் சேர்ந்தே வரும். வைரசும் தன்னை அப்படித்தான் படி எடுக்கிறது. அந்த எட்டுத் தாளிலும் என் தாளிலும் ஒரே பிழைகள். அம்மாவுடையது ஒன்பது இடங்களில் வேறு. சில நாட்களில் அவ்வளவு மாறாது என்று ஆய்வுகூட டொக்டர் சொன்னார். அம்மாவுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. எங்களுக்கு வந்தது அவரிடமிருந்து அல்ல. ஊசி எங்களைச் சாவிலிருந்து காத்தது, ஆனால் வைரசுக்குக் கதவைப் பூட்டவில்லை.

யார் யாருக்குக் கொடுத்தார் என்று தாள் சொல்லாதாம். ஆனால் வருத்தம் வருமுன் கடைசியாகப் பயிற்சிக்குக் கூடிய அன்றைக்கு நாங்கள் பாட்டைப் போனில் பதிந்தோம். பக்கத்து ஐஸ் ஆலை இரைச்சல் விழுமென்று, "ஊசி போட்ட ஆக்கள்தானே, ஜன்னலைப் பூட்டுங்கோ" என்றீர்கள். மூன்றாம் சரணத்தில் ஒருவர் இருமுகிறார், நாலு தரம். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பெயர் எழுதமாட்டேன். ஒருவர் மேல் பழி விழுந்தால் என்ன ஆகுமென்று ஏழு கிழமையாக வீட்டில் பார்க்கிறேன்.

பூசை முடிவில், கத்தரீனா கொண்டுவரவில்லை என்று எல்லோர் முன்னும் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

தாரிகா

25.1.2022

மகள்,

நடந்ததை விடு. அம்மாவை வரச் சொல். பின்வரிசையில் நிற்கட்டும், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அறிவிப்பு மட்டும் வேண்டாம். என் தாளை நீ கேட்காததற்கு நன்றி.

கிறிஸ்துநாயகம்

27.1.2022

மாமா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பின்வரிசையோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு பெட்டியிலிருந்த குழுச் சேலையை எடுத்து அயன் பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் முன்வரிசையில் நிற்போம். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். எங்கள் இரண்டு தாள்களும் கையில் இருக்கும். உங்கள் பெயர் என் வாயில் வராது, பயப்படாதீர்கள். ஆனால் வந்தவுடன் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறப்பேன். ஆலை இரையட்டும்.

முதற்குரல் அம்மாவுடையது. நீங்கள் சுருதி தந்தாலும் தராவிட்டாலும் அவர் தொடங்குவார்.

கத்தரீனாவின் மகள்,
தாரிகா (முதல் வரிசை)