விற்றுத் தீர்ந்ததென்று நான் சொன்ன புத்தகம்

அன்பு மகள் கோசிகாவுக்கு, எட்மண்டனிலிருந்து சித்தப்பா எழுதுவது. முழங்கால் நோவைத் தவிர எனக்கொரு குறையுமில்லை, சித்தியும் சுகம், மெல்பேர்ணில் நீயும் மருமகனும் நோய்நொடியில்லாமல் இருக்க முருகனைக் கேட்டபடிதான் பேனையை எடுத்தேன். அப்பாவின் புத்தகத்தை மறுபடி அச்சிடப் போவதாகவும், பாரிஸில் அதைப் போட்ட பதிப்பகத்தின் கதையும் ஒரு பிரதியும் வேண்டுமென்றும் கேட்டிருந்தாய். கதை என்னைவிட யாருக்குத் தெரியும்? பதினொரு வருடம் அவர்களின் புத்தகக் கிடங்கின் திறப்புக் கோர்வை என் இடுப்பில்தானே கிடந்தது. முதலாளி கிழவர் மொர்வானின் தகப்பன் ஒரேயொரு கை அச்சு யந்திரத்தோடு தொடங்கினவராம், யுத்தகாலத்தில் ஜெர்மன்காரன் தேடி வந்தபோது கடதாசியை மூன்று வைன் பீப்பாய்க்குள் ஒளித்தாராம், நான் முப்பதென்று சொல்லித் திரிந்தேன். அவர்களின் புத்தகத்தில் தாள் ஓரம் வெட்டாமல் ஒட்டியபடி வரும், வாசிக்கிறவர்தான் கத்தியால் பிரித்துப் பிரித்து வாசிக்க வேண்டும். அண்ணையின் புத்தகத்தைப் போடவைத்ததே நான்தான் என்று எத்தனை தரம் புளுகியிருப்பேன், அது பொய் மகள், அண்ணை தானே பிரெஞ்சில் எழுதித் தபாலில் அனுப்பினார்.

கிழவர் செத்ததும் மகன் பெரிய கம்பனிக்கு விற்றான். விலைப்படாததையெல்லாம் கூழாக அரைக்க அனுப்பச் சொல்லி அவர்கள் லிஸ்ட் தந்தார்கள். பெட்டிகளில் பெயரில்லை, நம்பர் மட்டும். கெட்டிக்காரனென்று காட்ட இரண்டு நாளில் ஏற்ற வேண்டியதை ஒரே நாளில் லொறியில் ஏற்றினேன். கடைசிப் பெட்டி கிழிந்து விழ, புத்தக அட்டையில் வாமதேவன் என்று அண்ணையின் பெயர். மற்றப் பெட்டிகள் காலமையே லொறியில் போய்விட்டன. மனேஜர் பார்த்துக்கொண்டு நின்றான், வாய் திறக்கப் பயந்து, ஒரு பிரதியை மட்டும் ஜக்கெட்டுக்குள் செருகினேன். நாங்கள் ஒன்றாயிருந்த வீட்டுக்கு வந்து, "அண்ணை, உங்கட புத்தகம் முழுக்க வித்துப்போச்சு, அடுத்ததைக் கேக்கிறாங்கள்" என்றேன். "உண்மையாவோடா?" என்று கேட்டவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அன்றைக்கே எழுதத் தொடங்கினார். அரைவாசியில் ஆஸ்பத்திரி. கட்டிலில் கிடந்தும், "அவங்களிட்டயிருந்து கடிதம் ஏதும் வந்ததோ?" என்றுதான் கேட்டார். வருமென்றேன். அதை நம்பியபடியே கண்ணை மூடினார். அந்தப் பதிப்பகமும் இப்போது இல்லை, கட்டடத்தில் ஜிம் நடக்கிறதாம்.

அந்த ஒரு பிரதியைத்தான் இதோடு அனுப்புகிறேன். தாள் வெட்டவில்லை. பிரெஞ்சுக்காரனுக்கே நான் பிரெஞ்சு படிப்பித்ததாகச் சொன்னேனே, எனக்கு அதில் அண்ணையின் பெயரைத் தவிர ஒன்றும் வாசிக்க ஏலாது. நீ பாரிஸில் படித்த பிள்ளை, வாசிப்பாய். கூரான கத்தி வேண்டாம், தாள் கிழியும், பட்டர் பூசுகிற கத்தியால் ஆறுதலாக, மெல்ல மெல்லப் பிரி. என்னைப் பற்றி அண்ணை ஏதும் எழுதியிருந்தால் அறிவி மகள். கூட்டாமல் குறைக்காமல், உள்ளபடி.

நீங்கள் இருவரும் நல்லாயிருக்க வேண்டும். குளிருக்குச் சொக்ஸ் போடு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
சபாரத்தினம்