காலி வீதியில் நீங்கள் இறங்கிய மத்தியானம்

அம்மா, நேரில் கதைக்கவே தயங்கிய நான், நீங்கள் கண்மூடிய பிறகு எழுதுகிறேன். குறை நினைக்காதீர்கள்.

போன ஞாயிறு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் சைவச் சாப்பாடு. வெளியே, வாகனங்கள் நிற்கும் இடத்தில், வழக்கம்போல ஒரு காரின் டிக்கி திறந்திருந்தது. சுற்றிவர ஆண்கள், கையில் பிளாஸ்டிக் கப். சாராய வாசம் பட்டதும் என் கால்கள் நின்றுவிட்டன.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அதுவும் கல்யாண வீடுதான். டிக்கியடியில் நின்றுவிட்டு வந்த அப்பா, கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்ப, வாடகைக்கு ஓட்டும் எங்கள் வேனை எடுத்தார். பின்னால் நீங்கள், நான், தம்பி, மாமாவின் பிள்ளைகள்.

“இஞ்சருங்கோப்பா, பஸ்ஸில போவம்,” என்றீர்கள்.

முன்னால் இருந்த மாமா சிரித்தார். “அக்கா, அத்தான் ரெண்டு போட்டாத்தான் நேரா ஓடுவார்.”

காலி வீதியில் அப்பா ஒரு பஸ்ஸை உரசாத குறையாக வேனை வெட்டித் திருப்பினார். தம்பி என் மடியில் வந்து விழுந்தான். அடுத்த கலர் லைட்டில் சிவப்பு விழுந்து வேன் நின்றதும் நீங்கள் கதவை இழுத்து இறங்கினீர்கள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த தரிப்பிலிருந்து நடந்து வருகிறவர் நீங்கள். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி சந்தியில் நின்ற பொலிஸ்காரரிடம் போனீர்கள். தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், “மஹத்தயா, எயா பீலா. லமயி இன்னவா,” என்றீர்கள். ஐயா, அவர் குடித்திருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பொலிஸ்காரர் நீட்டிய மதுச் சோதனைக் கருவியை அப்பா ஊதினார். வேன் பொலிஸ் நிலையத்துக்குப் போனது. நீதிமன்றத்தில் தண்டப்பணம், லைசன்ஸ் ஒரு வருடம் நிறுத்தம். வேன் ஓடாத அந்த வருடம் முழுக்க விடியமுன் எழும்பி நீங்கள் கடைகளுக்கு இடியப்பம் அவித்தீர்கள். “புருசனைப் பொலிசுக்குக் குடுத்தவ” என்று சொந்தம் சொன்னது. அப்பா அந்த நாளைப் பற்றி வாய் திறந்ததில்லை.

வீட்டில் முதலாவதாகப் பட்டம் பெற்றவள் நான். குடித்துவிட்டு ஓட்டி உயிர் போனால் சிறை என்று சட்டத்தில் வாசித்திருக்கிறேன். ஆனால் ஒரு சிவப்பு விளக்கு மாறுவதற்குள் அப்படி இறங்க என்னால் முடியுமா? நினைக்கும்போதெல்லாம் மலைத்துப் போகிறேன். அந்தத் துணிவை இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தீர்கள்?

போன ஞாயிறன்று அந்த டிக்கியடியில் மாமா அப்பாவிடம் ஒரு கப்பை நீட்டினார். “குடியுங்கோ அத்தான். இனி ஆர் பிடிச்சுக் குடுக்கிறது?”

அப்பா வாங்கவில்லை. “அண்டைக்கு அவ இறங்கினபடியாத்தான் உன்ர பிள்ளையளும் என்ர பிள்ளையளும் இண்டைக்கு உயிரோட நிக்குதுகள்,” என்றார். பிறகு, மிக மெதுவாக, “அதை அவவிட்டத்தான் சொல்லேல்ல.”

அதுதான் கேட்க வந்தேன், அம்மா. ஒருமுறை அவருடைய கனவில் வாருங்கள். உடனே பேசமாட்டார். கொஞ்ச நேரம் இருங்கள்.