தமிழ்மதி நிரப்பிய சுகன்யா

நவம்பர் 12, 2025, புதன்

கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து மெயில். கோடிங் ரவுண்டில் நானும் என் தோழி தமிழ்மதியும் தேறிவிட்டோம்! பாக்கி இருப்பது பர்சனாலிட்டி டெஸ்ட் மட்டும்தான். ‘எனக்குச் சீக்கிரம் கோபம் வரும் - ஆம், ஓரளவு, இல்லை’ என்று வரிசையாகக் கேட்பார்களாம். இதற்கும் ஜாவாவுக்கும் என்ன சம்பந்தமோ! ஞாயிறு சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும்.

அப்பா தோட்டத்து மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கேட்டுக்கொண்டார். “கெடச்சா போ தாயி. கெடைக்கலேன்னா தையில நத்தத்துக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருவேன், அம்புட்டுதான்.” நத்தத்துக்காரர்கள் என்றால் மாப்பிள்ளை ஈஸ்வரன் வீடு. நல்லவராம். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு வேலை வேண்டும்.

நவம்பர் 15, சனி

சின்ன அத்தை மகனுக்கு நாளை மலையடிவாரக் கோயிலில் காதுகுத்து. இன்றே கிளம்ப வேண்டும். அங்கே டவர் சுத்தமாக எடுக்காது. நான் வரவில்லை என்றேன். அம்மா பிடித்துக்கொண்டாள். “தாய்மாமன் சீருடி. தட்டுத் தூக்க வீட்டுப் பொண்ணு வரலேன்னா ஊரு சிரிக்காதா?”

தமிழுக்குப் போன் போட்டேன். காலேஜில் நாலு வருஷம் ஒரே ஹாஸ்டல் அறை. என் பரீட்சை ஃபீஸ், ஸ்காலர்ஷிப் எல்லாம் ஆன்லைனில் அவள் போடுவாள், அவளுடையதை நான் போடுவேன். “பாஸ்வேர்டு எங்கிட்டதான இருக்கு. நான் போட்டுர்றேன், நீ போயி சீரத் தூக்கு. உன்னப் பத்தி எனக்குத் தெரியாததாடி சுகன்யா?” என்றாள். தங்கம்!

நவம்பர் 16, ஞாயிறு

திரும்பி வரும்போது டவர் கிடைத்தது. அவள் மெசேஜ்: ‘ரெண்டு பேருக்கும் முடிச்சாச்சு.’ அப்பாடா. தட்டுத் தூக்கிக் கைதான் வலிக்கிறது.

நவம்பர் 21, வெள்ளி

அவளுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு இல்லை.

என்னைப் பற்றி ஒரு ரிப்போர்ட்டும் அனுப்பியிருக்கிறார்கள். இங்கிலீஷில் நயமாகத்தான் இருக்கிறது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: யாரையாவது கேட்காமல் முடிவெடுக்க மாட்டார். ஒரு சொல் தாங்க மாட்டார். அடுத்தவர் வெற்றியில் சந்தோஷப்பட மாட்டார்.

இது யார் சொன்னது? கம்ப்யூட்டரா சொல்லுச்சு? அவ சொன்னா. ஒவ்வொரு கேள்வியா படிச்சு, என்னைய நெனச்சு, அவ கையால அமுக்கியிருக்கா.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பசிக்கல.

நவம்பர் 22, சனி

திண்டுக்கல் போனேன். நாகல் நகரில் அவள் வீட்டுப் பக்கத்து பேக்கரிக்குக் கூட்டிப்போய் பப்ஸ் வாங்கி வைத்தாள். அதை எடுத்து மூஞ்சியிலேயே எறியலாமா என்றிருந்தது.

“வேணும்னே பண்ணியா?”

“சத்தியமா இல்லடி. உன்ன நெனச்சு, எது சரியோ அதத்தான் போட்டேன்.”

“உனக்கும் அப்படித்தான் போட்டியா?”

தன் பப்ஸைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: “எனக்கு... அவிங்களுக்கு என்ன புடிக்குமோ அதப் போட்டேன். எல்லாரும் அப்படித்தான போடுவாங்க.”

“எனக்கு மட்டும் ஏன்டி அப்படிப் போடல?”

“தோணல.”

தோணலையாம்! வேண்டுமென்றே செய்தேன் என்றிருந்தால் கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டு, பொறாமைக்காரி என்று ஊரெல்லாம் சொல்லி ஆறியிருப்பேன். தனக்குப் பொய், எனக்கு மட்டும் உண்மை. அடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு நாலு வருஷமும் என்னை இப்படித்தான் பார்த்திருக்கிறாள். நான் முடிவெடுக்க யாரைக் கேட்டேன்? அவளத்தான கேட்டேன்! அதையே குத்தம்னு போட்டிருக்காளே, பாவி.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்ததில் எங்கள் ஊர் எரியோடு தாண்டியது தெரியவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

போன் அடித்துக்கொண்டே இருக்கிறாள். எடுக்கவில்லை.

நவம்பர் 29, சனி

இரண்டு டெஸ்டையும் ஒரே ஆள்தான் போட்டது என்று கம்பெனிக்கு எழுதினால் அவள் வேலையும் போகும். டைப் அடித்துவிட்டேன். பிறகு அழித்தேன். இரக்கமெல்லாம் இல்லை. அடுத்தவர் வெற்றியில் சந்தோஷப்பட மாட்டார் - அனுப்பினால் அவள் போட்டது சரியென்று ஆகிவிடுமே.

அல்லது இப்போதே சரிதானா? தெரியல.

டிசம்பர் 9, செவ்வாய்

மதுரையில் ஒரு கம்பெனி. அங்கேயும் இந்தக் கருமாந்திர டெஸ்ட். கதவைச் சாத்திக்கொண்டு நானே போட்டேன். நடுவில் ஒரு கேள்வி: ‘உங்கள் நெருங்கிய தோழி உங்களை எப்படிப்பட்டவர் என்று சொல்வார்?’

நாலு விடை கொடுத்திருந்தார்கள். உண்மையான விடை எனக்கு மனப்பாடம், அதுவும் அதில் இருந்தது. ‘மற்றவர் வெற்றியைத் தன் வெற்றியாகக் கொண்டாடுபவர்’ என்பதை அமுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

டிசம்பர் 19, வெள்ளி

மதுரை வேலை கிடைத்துவிட்டது. நத்தத்துக்கு அப்பாவே போன் பண்ணி, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா கேசரி கிண்டினாள்.

“தமிழுக்குச் சொன்னியாடி? அந்தப் புள்ளதான் ரொம்பச் சந்தோசப்படும்.”

“மொதல்ல அவளுக்குத்தாம்மா சொன்னேன். துள்ளிக் குதிச்சா” என்றேன்.

சொல்லவில்லை. அம்மா நம்பிவிட்டாள்.