காலி இருக்கையும் ஒன்பது வெற்றியும்

ரோக்கிஷ்கிஸ்,
டிசம்பர் 4

அன்பு மகன் ஜில்வினாஸுக்கு அப்பா எழுதுவது. எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நார்வே குளிரில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம் ஊர் கூடைப்பந்து அணி இந்த சீசனில் உள்ளூரில் ஆடிய ஒன்பது ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டது, உனக்கே தெரிந்திருக்கும். ஊர் தலைகால் புரியாமல் ஆடுகிறது, எனக்கோ எரிச்சலாக வருகிறது. போன சனிக்கிழமை பதினோரு ஃப்ரீ த்ரோவைக் கோட்டை விட்டார்கள், முப்பத்தாறு வயது சென்டர் ஆட்டக்காரரை நாற்பது நிமிடமும் ஓடவிட்டு மூச்சிரைக்க வைத்தார் பயிற்சியாளர், மாற்று ஆட்டக்காரர்கள் கடைசிவரை துண்டைப் போர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். வருஷா வருஷம் அக்டோபரில் பறப்பதும் பிப்ரவரியில் படுத்துவிடுவதும் நமக்குப் புதிதா? இதைச் சொன்னால், ஜெயிக்கிறபோது என்ன குறை என்று என் வாயை அடைக்கிறார்கள். நீ இருந்தால் என்னோடு சேர்ந்து திட்டியிருப்பாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாமல் படி. நீ போன பிறகும் உன் இருக்கையின் சீசன் டிக்கெட்டை நான் விடவில்லை, அது என் பக்கத்தில் காலியாகவே கிடக்கிறது. அந்தக் காலி இருக்கையால்தான் அணி ஜெயிக்கிறது என்று நம் வரிசையில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். நான்காவது வெற்றிக்குப் பிறகு அதில் என் கோட்டைக்கூட வைக்க விடுவதில்லை. நீ கிறிஸ்துமஸுக்கு வருகிறாய், இருபத்தேழாம் தேதி ஆட்டத்துக்கும் வருவாய் என்று சனிக்கிழமை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உன்னைத் தொட்டிலில் பார்த்தவளான பின்வரிசை ஸ்டாசே என் தோளைப் பிடித்து உலுக்கி, "புள்ளைய வீட்லயே டிவில பாக்கச் சொல்லுப்பா. அவன் இங்க உக்காந்த மூணு வருஷமும் தோத்துத்தானே போனோம்" என்றாள். சுற்றிலும் ஒரே சிரிப்பு. பூண்டு தேய்த்த ரொட்டியும் பீரும் உள்ளே போயிருந்தன, ஒன்பதாவது வெற்றியின் கிறுக்கு வேறு, நானும் சரி, வரவேண்டாமென்று எழுதிவிடுகிறேன் என்று தலையாட்டிவிட்டேன். நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் அம்மாவிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்துக்கு வைத்த உலர்ந்த காளானைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "அன்னிக்கு மேசையில காலியா ஒரு இடம் விடுறோமே, அது செத்தவங்களுக்கு. உசுரோட இருக்கற புள்ளைக்கு யாருங்க காலி இடம் விடுவா?" என்றாள். அதோடு நான்கு நாளாக என்னிடம் பேச்சே இல்லை. எனக்கும் அதற்குப் பிறகு மனசு ஆறவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒன்பது ஆட்டத்திலும் கடைசி நிமிடத்தில் என் கை தானாக அந்தப் பக்கம்தான் போனது, பிடித்துக்கொள்ள உன் கை இல்லை.

ஆகவே நீ வருகிறாய், ஆட்டத்துக்கும் வருகிறாய். தோற்றால் தோற்கட்டும், இரண்டு பேருமாகத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடக்கலாம். வேளைக்குச் சாப்பிடு, பனியில் வண்டியை விரட்டாதே. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீல மஃப்ளரை மறந்துவிடாதே. ஸ்டாசேயிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தைரியமும் இல்லை. அதனால் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார், நம் அணி முதல் கூடை போடும்வரை வாயைத் திறக்காதே.

உனக்காக இடம் பிடித்து வைத்திருக்கும்
அப்பா ரோமுவால்டாஸ்